இன்றைய தேதியிட்ட ஆலங்கட்டி

கான்சஸில் அன்று நூற்றெட்டு டிகிரி வெயில். மாலையில் ஆலங்கட்டி மழை வரலாம் என்றது ரேடியோ.

தேநீருக்கு ஐஸ் எடுக்க மெர்னா ஃப்ரீசரைத் திறந்தாள். ஒரு பையில் முஷ்டி அளவு ஆலங்கட்டி. ஒவ்வொரு புயலிலும் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, தேதி எழுதி வைப்பது அவள் வழக்கம். இந்தப் பையில் இன்றைய தேதி இருந்தது, அவள் கையெழுத்திலேயே.

கணவன் உழுதுகொண்டிருந்த வயலுக்கு ஓடினாள்.

"டுவெய்ன், டிராக்டரை விட்டு எறங்கு!"

"வானம் பளிச்சுன்னு கெடக்கு. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"திட்டுறத நிலவறைக்குள்ள வந்து திட்டு."

கதவைச் சாத்தியதும் கொட்டித் தீர்த்தது.

ஓய்ந்தபின் போய்ப் பார்த்தார்கள். டிராக்டர் இருக்கை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் ஓர் ஆலங்கட்டி.

டுவெய்ன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டான். "பொழைச்சேன்டி!"

மெர்னா சிரித்தபடியே அதைப் பையிலிட்டுத் தேதி எழுதினாள். ஃப்ரீசரில் பழைய பையைக் காணோம். உறைபனியில் அது இருந்த குழி மட்டும் இருந்தது. புதியது அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.