ஏழாம் கட்டில் புகார்

"கொழம்புல உப்பு கரிக்குது. எழுதிக்குங்க சார்."

ஏழாம் கட்டில் பச்சைமுத்து இப்படிச் சொன்னதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதே குழம்பை ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷன்!

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஆபீசர் செல்வகுமார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

"தூக்கம் வருதா? வலி இருக்கா? மாத்திரை போட்டீங்களா?"

ஃபாரத்தில் இருக்கிற கேள்விகள்தான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

"அடுத்த வாரம் வந்து செக் பண்றேன்" என்று கிளம்பிவிட்டார். புகார் இருந்தால் திரும்ப வந்து பார்க்கணும், அதுதான் ரூல்.

திண்டிவனத்தில் எங்கள் இல்லத்தில் படுத்த படுக்கையாகப் பன்னிரண்டு பேர். பார்க்க வருகிறவர்கள் என்று யாரும் கிடையாது. சுகாதாரத் துறைப் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

அன்று சாயங்காலம், புது வருஷத்து விண்ணப்பத்தோடு நிர்வாகி இருதயமேரி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இந்த வாட்டியாவது மானியம்னு டிக் போடுங்க. பணத்தக் குடுத்துட்டு ஒதுங்கிக்குவாங்க. வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட்டு, அவ்ளோதான். இந்தக் கூட்டு ஒப்பந்தத்துல ஆபீசரும் நம்மகூட ஒக்காந்துக்கினு, எல்லாத்துலயும் மூக்க நுழைச்சிக்கினு... ஒரே பேஜாரு!"

அக்கா கூட்டு ஒப்பந்தத்தில் டிக் போட்டார்.

"என்னக்கா நீங்க! ரெண்டுலயும் ஒரே தொகைதான? அந்த பச்சைமுத்து வேற வாராவாரம் புகார் சொல்லி நம்ம மானத்த வாங்குறாரு. நன்றி கெட்ட மனுஷன்!"

"ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் ஷேவ் பண்ணிவிடச் சொல்லி, வெள்ளச் சட்ட கேக்கறாரே, பாத்திருக்கியா புனிதா?"

பார்த்திருக்கிறேன். திமிர் என்று நினைத்திருந்தேன்.

அக்கா பச்சைமுத்துவைச் சேர்த்தபோது எழுதிய அட்டையை என் பக்கம் தள்ளினார். மகன் பெயர்: செல்வகுமார்.

"சண்ட போட்டுப் பிரிஞ்சி பதினோரு வருஷமாச்சாம். பெத்த மவனையே சார்னு கூப்புடறாரு. அவனும் ஃபாரத்துல இருக்கறதத் தாண்டி ஒண்ணும் கேக்க மாட்டான். மானியம்னா பணம் மட்டும்தான் வரும் புனிதா. அவன் வரமாட்டான்."



அடுத்த வாரம் ஆபீசர் வந்தார். வெள்ளைச் சட்டையில் பச்சைமுத்து தயாராக இருந்தார்.

"உப்பு சரியாயிடுச்சா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"உப்பு சரியாயிடுச்சு சார். ஆனா இவரு கட்டிலுக்கு மேல ஃபேன் சத்தம் போடுது. எழுதிக்குங்க."