அறுபத்தோராவது ஆள்

“அந்த ஒரு புள்ளியைப் போடும்வரைக்கும் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்.”

பெனடிக்ற் மேசையில் அடித்த அடியில் பேசாலைக் கடலில் இரண்டு சூரை மீன்கள் தாமாகவே கரைக்குப் பாய்ந்திருக்கும். விடைத்தாள் கட்டு துள்ளி நிலத்தில் விழுந்தது.

வேணுஜா ரீச்சர் குனிந்து பொறுக்கினார். இந்தத் தவணைதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி, முருங்கனிலிருந்து பயணிகள் வானில் வந்துபோகிறார்.

“உங்கட மகள் பிழையா எழுதினா நான் என்ன செய்யிறது? கேள்வியை வாசியுங்கோ.”

“வாசிச்சனான். அறுபத்தொரு பேர் மடுமாதா கோயிலுக்குப் போகினம். ஒரு வானில பதினைஞ்சு பேர். எத்தினை வான் வேணும்? டினோஜா நாலு வான், மீதி ஒண்டு எண்டு எழுதியிருக்கிறாள். வகுத்தது சரியோ, பிழையோ?”

“வகுத்தது சரி. விடை அஞ்சு வான். அந்த மீதி ஒண்டு மனுசன் அல்லோ? அவரை றோட்டில விட்டிட்டே போறது?”

“ஆர் விடச் சொன்னது? நெருக்கி இருத்திறதுதானே.” எழும்பமாட்டேன் என்றவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பியே விட்டார். “மடுத் திருநாளுக்குப் போகேக்க என்ர மனுசி அரைவாசிப் பேசாலையை மடியில இருத்திக்கொண்டு வருவாள். ஒரு ஆளுக்காக இன்னொரு வான் பிடிச்சா ஊர் சிரிக்கும், ரீச்சர்.”

“வழியில பொலிஸ் மறிச்சா?”

“எவன் மறிக்கிறான் எண்டு நானும் பாக்கிறன்.”

ரீச்சரின் காதிரண்டும் கொச்சிக்காயாகச் சிவந்தன. “பார்த்துக்கொண்டே இருங்கோ. புள்ளி போடமாட்டன்.”

அந்த ஒரு புள்ளியால்தான் டினோஜா இரண்டாமிடம். பரிசளிப்பு விழாவில் முதலாமிடம் வந்த மதுஷிகா மேடையேற, தன் பிள்ளை கீழே இருந்து கைதட்டுவதா? பெனடிக்ற்றின் நெஞ்சு கொதித்தது.

“நாளைக்கு வேலை முடிய அதிபரிட்டப் போவன். உங்களை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பாட்டி என்ர பேர் பெனடிக்ற் இல்லை.”

அவர் கதவை அறைந்த வேகத்தில் சுவர்ப் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடியது.

மறுநாள் காலை வானிலும் ரீச்சருக்குக் கோபம் ஆறவில்லை. பெருமூச்சு விடத்தான் இடமில்லை. பிந்தி ஓடிவந்ததில் அவர்தான் கடைசி ஆள். இரண்டு பேருக்கு நடுவே பாதி இருக்கையும் பாதி ஆகாயமுமாக இருந்தார்.

மன்னார்ப் பாலத்தடியில் விசில் கேட்டது. வான் நின்றது. காக்கிச் சட்டைக் கை ஒன்று கதவைத் திறந்து தலைகளை எண்ணியது.

“பதினாறு. பதினைஞ்சு பேருக்குத்தானே அனுமதி?”

“ஒரு ஆள்தானே கூட, சேர். நெருக்கி இருத்தினனான்” என்றான் சாரதி.

“ஒண்டெண்டாலும் ஆள் ஆள்தான். அந்த ஆளுக்கு இன்னொரு வான் பிடிக்கோணும். இறங்கச் சொல்லு.”

வேணுஜா ரீச்சர் இறங்கினார். பையைத் திறந்து ஒரு விடைத்தாளையும் சிவப்புப் பேனையையும் எடுத்து அந்தக் காக்கிக் கையில் வைத்தார்.

“டினோஜாவின்ர அப்பா, எத்தினை வான் வேணும் எண்டதை இதில நீங்களே எழுதிவிடுங்கோ.”