கைப்பிடி உயரம்

அவள் குனிந்து வண்டியைச் சாணால் அளந்தாள்.

ஒரு சாண். இரண்டு. மூன்று. அதற்கு மேல் ஒரு விரல்.

அளப்பது போலத் தெரியக் கூடாது. துணியைத் தடவிப் பார்ப்பது போல இருக்க வேண்டும். டேப்பை எடுத்து நீட்டினால், இந்த அம்மா வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் விலை இறங்காது. விருதுநகரில் பாத்திரக் கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம். இதுகூடத் தெரியாமலா.

குடும்பத்தோடு சுற்றுலா போகப்போகும் கப்பலில் அறைக் கதவு இருபத்து மூன்று அங்குலம். டிக்கெட் ஏஜெண்டை நான்கு தடவை போனில் பிடித்து வாங்கிய தகவல். அவள் கைக்கு மூன்று சாணும் இரண்டு விரலும்.

இரட்டைப் பிள்ளைகளை அக்கம்பக்கமாக உட்கார வைக்கும் வண்டி சாமி சப்பரம் போல இருந்தது. நான்கு சாண். அறைக்குள் நுழையாது, ஐந்து நாளும் நடைபாதையில்தான் கிடக்கும். முன்னும் பின்னுமாக உட்கார வைக்கும் இதுதான் சரி. மடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கப்பல் ஆடினால் உருளாமலிருக்கச் சக்கரத்தில் பூட்டு. மேல்தளத்து வெயிலுக்கு ஒரு கூடாரம்.

பிடித்துவிட்டது.

பிடித்துவிட்டால் திட்ட வேண்டும். அது அவர்கள் வீட்டுச் சங்கேதம்.

"என்னங்க இது, சாக்குக் கலரு. இதுல பிள்ளையவா வைப்பாங்க? உருளைக்கிழங்கத்தான் வைக்கலாம்."

கடைக்காரர் சிரித்தார். மதுரையில் முப்பது வருஷமாகக் குழந்தைச் சாமான் விற்கிறவர். திட்டாமல் வாங்கிப் போனவர்களை அவரும் பார்த்ததில்லை.

"அழுக்குத் தெரியாது தாயி."

இந்த இடத்தில் அவள் கணவன் புகுந்து விலையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கைப்பிடிய ஏத்தி இறக்கலாம்," என்றார் கடைக்காரர். "தள்ளுறது யாரு? அவங்க உயரத்துக்கு முடுக்கித் தர்றேன்."

அவள் வண்டிக்குப் பின்னால் வந்து நிமிர்ந்து நின்றாள். நாலடி பதினோரு அங்குலம்.

"அக்கா உயரத்துக்கு வைங்க அண்ணாச்சி," என்றான் அவன். "அஞ்சடி ஏழு."

அவனுடைய அக்கா ஜெயக்கொடி. இப்போது வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவள்தான்.

கடைக்காரர் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

விற்கும்போது அவன் எதையும் சொல்வான். போன வாரம் இறங்கிய அண்டாவைப் பழைய காலத்து வார்ப்பு என்பான், கண் இமைக்காது. வாங்கும்போது மட்டும் அவனுக்குப் பொய் வராது. அளவு தப்பினால் பொருள் வீண். அந்தப் பயத்தில் உண்மை வாயைத் தாண்டி வந்துவிடும்.

"மதினியும் வர்றாங்களா?" என்றாள். நல்லதுதான் என்றுகூட நினைத்தாள், ஒரு நொடி.

"ஒரு ரூமுக்கு ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்கதான்."

அதை அவன் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டு பெரியவர்கள். அவன். அவன் அக்கா.

"எப்ப மாத்துனீங்க?"

"சித்திரையில. அத்தான் தவறுனதுலருந்து அக்கா வாசப்படி தாண்டலல்ல. பாவம்ல."

இது ஆடி.

பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கியது வைகாசியில். தனக்கு நீலத்தில் ஒரு சுடிதார் தைத்தது ஆனியில். கப்பலுக்கு எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டியபோது, "ஜோரா இருக்கு" என்றவன் இவன்தான்.

மதினி மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் தானே விட்டுக்கொடுத்திருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை.

அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீ பத்து நாள் உங்கம்மா வீட்டுல நிம்மதியா இருந்துட்டு வா."

அவள் சக்கரத்துப் பூட்டைப் போட்டு எடுத்தாள்.

"சரி, பதினஞ்சு நாள்."

வண்டியின் கூடாரத்தை ஒருமுறை விரித்து மூடினாள்.

"இருபது. நானே கொண்டுபோயி விடுறேன். வரும்போது உனக்கு ஒரு பட்டுச்சேலை."

குக்கரோடு கரண்டியைச் சேர்த்துப் போட்டுத் தருகிற குரல். அந்தக் குரலுக்கு மயங்கி, தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் படியிறங்கிப் போனவர்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

அவன் இன்னும் விலை ஏற்றிக்கொண்டிருந்தான். கப்பலை மட்டும் சொல்லவில்லை.

படியாத வியாபாரத்துக்குக் கடைசியாக ஒன்று உண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வேகமாகவும் போகக் கூடாது. கூப்பிடுகிறவனுக்கு நேரம் தர வேண்டும். அவனுக்கு மனசிருந்தால் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்.

அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

நடந்தாள்.

தொட்டில்கள். மூன்று சக்கர சைக்கிள்கள். பொம்மை யானைகள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயிலும் ஆட்டோ இரைச்சலும்.

கதவில் கை வைத்தபோது குரல் வந்தது.

"தாயி, நில்லுங்க! போகாதீங்க. உங்களுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, பாத்துச் செஞ்சுக்கலாம்."

கடைக்காரர்.

அவள் கதவை மெல்லத் திறந்தாள். அடுத்த அடியை இன்னும் மெதுவாக வைத்தாள்.