ஆறு மாதக் கோதுமை

கோட்டைக் கூடத்தில் மூவர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் சீமாட்டி ஏலிஸ், எதிரே மைக்கூட்டோடு பாதிரியார் ஓதோன், கதவோரம் அவள் தம்பி ரெனியே. முற்றுகை தொடங்கி நாலு மாதம். கடைசிக் குதிரையையும் நேற்றுத் தின்றாயிற்று.

"உதவிக்கு வர்ற நம்ம பிரபுவுக்கு எழுதுங்க சாமி. ஆறு மாசத்துக்குக் கோதுமை இருக்கு, படை மெதுவா வரட்டும்."

"பசியில புத்தி பேதலிச்சிருச்சா தாயே? நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் கஞ்சிகூட இல்லையே!"

"எழுதுங்க."

பாதிரியார் எழுதி முடித்து ரெனியே பக்கம் திரும்பினார். "தம்பி, சுரங்க வழியாப் போ. எதிரி கண்ணுல படமாட்டே."

ரெனியே சிரித்தான். "படணுமே சாமி! அவனுங்க என்னைப் பிடிச்சு இதைப் படிச்சாத்தானே, 'இந்தப் பனியில இன்னும் ஆறு மாசமா'ன்னு கூடாரத்தைச் சுருட்டுவானுங்க?"

போன மாதம் பிடிபட்ட தூதனைக் கவண்பொறியில் வைத்துக் கோட்டைக்குள்ளேயே திருப்பி எறிந்திருந்தார்கள்.

"அக்கா, முத்திரையை நல்லா அழுத்து. சந்தேகம் வரக் கூடாது."

ஏலிஸ் அழுத்தினாள். கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, பெரிய கதவைத் திறக்கச் சொன்னாள்.