புரியாத வாசகர்

"அந்த அம்மாவை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்க யோரிஸ். அவங்களுக்கு இது ஏறாது," என்றாள் சாஸ்கியா.

யோரிஸ் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர். தர்க்கவியல் கட்டுரைகளும் சாதாரண ஆளுக்குப் புரிய வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். துறைக்கு வெளியே ஒருவர் படித்து, புரிந்தது என்று சொன்னால்தான் கட்டுரை தளத்தில் ஏறும்.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் தர்க்கவியல் கற்பிக்கும் சாஸ்கியா, வீர்ஸமா என்ற தர்க்கவியலாளர் கண்டுபிடித்த வீர்ஸமா முறையைப் பற்றி எழுதியிருந்தாள். அதை வைத்துத்தான் அவள் முனைவர் பட்டமே வாங்கினாள். வீர்ஸமாவைப் பார்த்ததில்லை, அவள் படிக்க வருவதற்குள் அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

எத்தனை முறை திருத்தி அனுப்பினாலும் திருமதி ஆல்டர்ஸ் என்ற பெயரில் 'புரியவில்லை' என்று ஒற்றை வரி வந்தது. எரிச்சலில் சாஸ்கியா நேராகவே அவருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டாள்: எல்லாக் கட்டுரையும் எல்லாருக்குமானதல்ல, சமையல் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

யோரிஸுக்கு அது தெரிந்திருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இந்த ஒரு கட்டுரையை மட்டும் தாங்கன்னு அவங்களே கேட்டு வாங்கினாங்க. வேற எதுவும் வேணாம்னுட்டாங்க. நேர்ல போய் மன்னிப்பு கேளுங்க. அப்படியே வாயால சொல்லியும் பாருங்க."

சனிக்கிழமை காலை, எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கால்வாயோரமாகப் போனாள். கதவைத் திறந்த திருமதி ஆல்டர்ஸ், அவள் மன்னிப்பு கேட்டு முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். கட்டுரையைப் படிப்பது தன் கணவர்தான் என்றும், ஆல்டர்ஸ் தன் பிறந்தவீட்டுப் பெயர் என்றும் சொன்னார். தான் தட்டச்சு மட்டுமே செய்வதாகச் சொல்லி உள்ளே அழைத்தார்.

பெரியவர் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. திருமதி ஆல்டர்ஸ் காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு டப்பாவை மூடினார்.

சாஸ்கியா குறியீடுகளை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள். 'நிலா பாலாடைக்கட்டியால் ஆனது என்றால் ரெண்டும் ரெண்டும் நாலு.' வழக்கமான தர்க்கத்தில் இந்த வாக்கியம் மெய்தான். பின்பாதி மெய்யாக இருந்தாலே போதும் என்றாள்.

பெரியவர் முகம் சுளித்தார். வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டார்.

"நிலாவுக்கும்... நாலுக்கும்... என்ன சம்பந்தம்?"

"அதேதாங்க. வீர்ஸமாவும் அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிச்சார். சம்பந்தமில்லாத ரெண்டை 'என்றால்' போட்டு ஒட்டக் கூடாதுன்னார்."

கூரை ஒழுகினால் தரை நனையும் என்பதை வைத்து மீதியைச் சொன்னாள். கூரையிலிருந்து தரைக்குத் தண்ணீர் வந்து சேர வழி இருப்பதுபோல, முன்பாதியிலிருந்து பின்பாதிக்கு வந்து சேர ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியைச் சோதிப்பதுதான் வீர்ஸமா முறை. பெரியவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு சிரித்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

இத்தனை எளிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாததைக் குறியீடுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பழியை வாசகர்மேல் போட்டிருக்கிறோம் என்று சாஸ்கியாவுக்குக் கூசியது.

"அந்த மெயிலை..." என்று ஆரம்பித்தாள்.

"அவர்தான் படிச்சுக் காட்டச் சொன்னார். காட்டினேன்," என்றார் திருமதி ஆல்டர்ஸ். "அப்புறம் அன்னைக்கு முழுக்க அவர் பேசவே இல்லை."

சாஸ்கியா காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரத் தைரியம் வரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ஐயாவுக்கு இதில் ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டாள்.

"பக்கவாதம் வந்தப்போ அவர் படிச்சது, எழுதினது எல்லாமே மறந்து போயிடுச்சு," என்றார் அந்த அம்மாள்.

பெரியவர் இடது கையால் கட்டுரைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் என்ன கண்டுபிடிச்சேன்னு... எனக்குத் தெரிய வேணாமா?"