கண்ணில் ஃபோகஸ்

ஆமையைக் கண்டதும் அவள் கேமராவைத் தூக்கவில்லை.

கல்யாண ஜோடியைப் படம் எடுக்க வந்தவள்.

மார்கழிக் காலை. மணல் சில்லென்று இருந்தது. அலை விட்டுப்போன இடத்தில் அது செத்துக் கிடந்தது. தாம்பாளம் அளவு ஓடு. மூச்சு முட்டிப் பிதுங்கிய கண்கள். கழுத்துத் தோலுக்குள் புதைந்த நீல நைலான் வலைத்துண்டு.

இந்த மாதத்தில் அவள் கண்ணில் படும் ஒன்பதாவது ஆமை.

அந்த நீலத்தை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் பார்த்திருந்தாள். துறைமுகத்தில், மாப்பிள்ளை வீட்டு விசைப்படகில்.

கல்யாணம் தையில். மார்கழியில் தாலிதான் கட்டக் கூடாது, போட்டோ எடுக்கலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் வலைக்குள் சிக்கிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் யோசனை. அவளும் எடுத்துக் கொடுத்தாள். சூப்பர் என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

கடற்கரைக்கும் அந்த வலையைக் கொண்டுவந்திருந்தார்கள். இருவர் தோளிலும் மாலை மாதிரி கிடந்தது.

ஊரே வாங்குகிற வலைதான். அவர்கள் படகு வலையில்தான் மாட்டியது என்று யார் சொல்ல முடியும்?

அதனால் ஆத்திரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவர்கள் மேலும், தன் மேலும்.

மணலில் குப்புறப் படுத்தாள்.

நான்கு வருடமாக, சொன்னதைச் சொன்னபடி எடுத்துத்தான் பிழைப்பு. இன்று கை யாரையும் கேட்கவில்லை. முன்னால் ஆமை. பின்னால் அந்த இருவர்.

"அங்கேயே நில்லுங்க. நல்லா சிரிங்க."

சிரித்தார்கள்.

படகுக்காரர், மாப்பிள்ளையின் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குனிந்து கேமராவின் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ளைங்க மூஞ்சியே தெரில?"

"கண்ணுலதான் சார் ஃபோகஸ் வைக்கணும்."

பெரிதாக்கிக் காட்டினாள்.

கண்.

கழுத்து.

நீலம்.

கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தட்டும். தை மாதத்து வேலை போனால் போகிறது.

அவர் நிமிர்ந்தார். ஆமையைப் பார்த்தார். பிறகு மகன் தோளைப் பார்த்தார்.

"டேய். அந்த வலையக் கழட்டி கார் டிக்கியில போடு."

அவள் அவருடைய கண்ணில் ஃபோகஸ் வைத்து அழுத்தினாள்.