நூற்று நாற்பது மீட்டர்

மாரத்தானில் இமல்டா படைத்த சாதனையைப் பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் முறியடிக்கவில்லை. நேற்று அதை நீக்கிவிட்டார்கள். அவள் ஓடிய சாலையை மறுபடி அளந்தபோது நூற்று நாற்பது மீட்டர் குறைந்ததாம். போட்டிக்கு முன்பு சைக்கிளில் போய் அளந்தவர் அவளுடைய பயிற்சியாளரும் கணவருமான ராயப்பன்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போட்டிக்கு முந்தின நாளே.”

“சொல்லியிருந்தா அதையும் சேத்து ஓடியிருப்பேனே. முடியாதுன்னு நெனச்சீங்க, இல்ல?”



இன்று காலை ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய முடிவுக்கோட்டிலிருந்து அவள் ஓடத் தொடங்கினாள். நூற்று நாற்பது மீட்டர் தள்ளி அவர் பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தாள். நிற்கவில்லை. சாலை வளைவில் அவள் மறைந்த பிறகும் அவருடைய கட்டைவிரல் பொத்தானை அழுத்தாமல் அதன் மேலேயே இருந்தது.